காங்கேயம் பக்கம் 3 ஏக்கர் காடு, நாங்களே சைட் பிரிக்கலாமா?

மேட்டுக்காடு:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்தில் அப்பா பெயரில் இருந்த 3 ஏக்கர் காடு இப்போது நானும் தங்கச்சியுமாகக் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. கிணறு வற்றிப் பல வருஷம் ஆச்சு, வெள்ளாமை இல்லை, அதனால் புரோமோட்டரிடம் கொடுக்காமல் நாங்களே சைட் பிரித்து விற்கலாம் என்று நினைக்கிறோம். கிழக்கே பள்ளம் (மழைத் தண்ணீர் போகிற ஓடை) ஓடுகிறது. மேற்கே இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி உள்ள மண் தடம்), தார் ரோட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி. ஊரில் ஒருவர் பஞ்சாயத்து சீல் போதும் என்கிறார், இன்னொருவர் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இல்லாமல் கல்லே நடக் கூடாது என்கிறார். அதற்குள் நாலு பேர் அட்வான்ஸ் தர வந்துவிட்டார்கள். வாங்கலாமா?

பெருந்துறைக்காரன்:
அட்வான்ஸை மட்டும் வாங்கிவிடாதீங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதியாமல் விளம்பரமும் கூடாது, முன்பதிவும் கூடாது. ரெராவில் பதிய டிடிசிபி அனுமதி கையில் இருக்க வேண்டும். பஞ்சாயத்து சீல் காலமெல்லாம் 2016-லேயே முடிந்தது. அந்த செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது, அப்புறம் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது, இப்போது அங்கீகாரம் இல்லாமல் புதிதாகப் பிரித்த மனையை சார்பதிவாளர் பதியவே மாட்டார். எங்கள் மாமா 2015-ல் அப்படி ஒரு சைட் வாங்கி, வரன்முறை ஆகும் வரைக்கும் (அனுமதியில்லாத மனையை அரசு பிறகு முறைப்படுத்துவது) வீட்டுக் கடன் கிடைக்காமல் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. உங்களிடம் வாங்கப் போகிறவர்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
தம்பி, எனக்குக் கவலை உங்கள் இட்டேரிதான். புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராமப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். இட்டேரி புறம்போக்காக இருந்தால் அது பொதுவழி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுத்த வழியாக இருந்து, நிலம் இன்னும் அவர்கள் பட்டாவுக்குள் கிடந்தால், அதைக் காட்டி லேஅவுட் கேட்க முடியாது, முறையாக எழுதி வாங்கியாக வேண்டும். புறம்போக்காகவே இருந்தாலும் இரண்டு பக்கமும் கிளுவை வேலி முன்னால் வந்து வந்து, படத்தில் இருக்கிற அகலம் தரையில் இருக்காது. தாலுகா ஆபீஸில் மனு போட்டு அளந்து கல் போடச் சொல்லுங்கள்.

பள்ளத்துக்கு நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்பார்கள். வறண்டுதானே கிடக்கிறது என்று மண் தள்ளி மேடாக்கிவிடாதீர்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை வந்தால் தண்ணீர் தன் தடத்தைத் தேடி வரும், வீடு கட்டினவன் நடு ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நான் அதைக் கண்ணால் பார்த்தவன்.

அப்புறம், 3 ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். 10,000-ஐத் தாண்டிவிட்டதால், ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு இடமாகவே விட வேண்டும், பணம் கட்டித் தீர்க்க முடியாது. அந்த இடத்தையும் ரோட்டையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி அனுமதி வரும். விற்க எத்தனை சைட் நிற்கும் என்று இதையெல்லாம் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சிறுவாணி ரோடு:
இதைப் படிக்கிற தொண்டாமுத்தூர், போளுவாம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல கிராமங்கள் ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்துக்குள் வருகின்றன, அந்த ஒப்புதலும் வேண்டும். யானை நடமாடுகிற காட்டோரம் அது, புரோக்கர் பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

மேட்டுக்காடு:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்று புலப்படம் எடுத்தேன். ஐயா சந்தேகப்பட்டது சரிதான், இட்டேரியில் பாதி புறம்போக்கு, ரோட்டுக்குப் பக்கத்துப் பாதி பங்காளியான பெரியப்பா வீட்டுப் பட்டாவில் இருக்கிறது. வழி எங்களுடையது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். அட்வான்ஸ் கொண்டுவந்தவர்களிடம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பெரியப்பாவைப் பார்க்கப் போகிறோம்.