பழைய ஹெல்மெட் சலானுக்குப் புதிய தொகை: எந்தத் தேதியின் விகிதம் பொருந்தும்?

தமிழ்நாட்டில் பழைய போக்குவரத்துச் சலான்களை இப்போது கட்டுவது குறித்து உங்கள் உதவி தேவை.

2019 செப்டம்பர் 1-க்கு முந்தைய குற்றம் என்றால் குழப்பமே இல்லை. ஹெல்மெட் இல்லாததற்கு அன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 177-ன்படி முதல் முறைக்கு அதிகபட்சம் 100 ரூபாய்தான். 2019 செப்டம்பர் 1-இல் அமலான திருத்தச் சட்டம் கொண்டுவந்த 194டி பிரிவின் 1000 ரூபாயை அதற்குக் கேட்டால், அரசியலமைப்பின் 20(1) உறுப்பு குறுக்கே நிற்கும்: குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்க முடியாது.

சிக்கல் இடைக்காலத்தில்தான். 1000 ரூபாய் சட்டத்தில் 2019-லேயே வந்துவிட்டது. ஆனால் பிரிவு 200-ன்படி மாநில அரசு வசூலிக்கும் சமரசத் தொகை (வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் முடிக்கக் கட்டும் தொகை) 2022 அக்டோபரில்தான் 100-லிருந்து 1000 ஆனது. அப்படியானால் 2021-இல் நடந்த குற்றத்துக்கு இன்று எது? இங்கே 20(1) கைகொடுக்காது என்பது என் கணிப்பு. அன்றைய சட்டத்திலேயே 1000 இருந்ததே. சமரசம் என்பது உரிமையல்ல, அரசு தரும் வாய்ப்பு என்றும் எதிர்வாதம் வரும்.

அறிய வேண்டியது இவைதான்: குற்ற நாளின் சமரசத் தொகையையே ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டா? லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) எந்த விகிதத்தில் முடிக்கிறார்கள்?

பதில் எழுதும்போது குற்றம் நடந்த நாள், சலான் பதிவான நாள் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். கேமரா சலானில் இவை வேறுபடலாம். வாதம் முழுக்க குற்றம் நடந்த தேதியில்தான் நிற்கிறது. பணம் கட்டிவிட்டால் வழக்கு அத்துடன் முடிந்துவிடும், எனவே கட்டுவதற்கு முன்பே ஆட்சேபம் தெரிவித்தவர்களின் அனுபவம்தான் அதிகம் உதவும்.