உப்புக்காற்றில் மாயாவியைக் காப்பாற்றுவது: காமிக்ஸ், போஸ்டர், ஓவியம் சேர்க்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்களின் அனுபவங்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து:

பழைய பேப்பர் கடையிலிருந்து காமிக்ஸ் கட்டு கிடைத்தால் நேரே அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். ஈரத்துணி மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டைத் தனி அறையில் வைத்து, மின்விசிறிக் காற்று நேரடியாகப் படாமல் மூன்று நான்கு நாள் உலர விடுங்கள். வெயிலில் மட்டும் போடாதீர்கள். முத்து காமிக்ஸ் (1972), லயன் காமிக்ஸ் (1984) காலத்து இதழ்கள் பெரும்பாலும் நியூஸ்பிரின்ட், அதாவது செய்தித்தாள் காகிதம். ஒரே வெயிலில் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒடியும்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரஷ். பூஞ்சை ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நாருக்குள் இறங்கிக் கறையாகிவிடும். காய்ந்தால் பொடியாகி உதிரும். திறந்த வெளியில், என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆட்டுமுடி பிரஷ்ஷால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள்.

அடுத்தது ஸ்டேப்ளர் பின். கடற்கரை ஊரில் பின் துருப்பிடிக்காத பழைய இதழைப் பார்ப்பதே அபூர்வம். ஸ்டேப்ளர் பிடுங்கியால் இழுத்தால் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, அட்டைப் பக்கமாக மெதுவாக வெளியே தள்ள வேண்டும். துருத்தூளைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். புதுப் பின் அடித்தால் இரண்டு ஐப்பசி தாண்டாது.

லாஸ்பேட்டையிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையின் நிறத்தைச் சுரண்டியது போல மேலாகத் தின்றிருந்தால் அது ராமபாணம் (வெள்ளிமீன் பூச்சி). ஆழமாகத் துளைத்து மண் ஒட்டியிருந்தால் கரையான். ராமபாணத்துக்குப் பசைதான் சாப்பாடு. நன்றாக உலர்ந்த இதழ்களை ஜிப் பையில் காற்று போக மூடி, ஆழ் உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். உடனே திறந்தால் தாள் மேல் வியர்த்து, இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

நாப்தலின் உருண்டை வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும், நமக்கும் நல்லதல்ல. பாட்டி காலத்து வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கலாம், தாளில் நேரடியாகப் படாமல். பச்சை வேப்பிலை வைக்கவே கூடாது, ஈரத்தை அதுவே கொண்டு வந்து சேர்க்கும்.

உறை வாங்கும்போது பி.வி.சி.யைத் தவிர்த்து பாலிபுரோப்பிலீன் கேளுங்கள். பி.வி.சி. நாளாக நாளாகப் பிசுபிசுத்து அட்டை மையையே உரித்தெடுக்கும். 20 லிட்டர் மூடிப் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 250 கிராம், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 45-க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை, 30-க்குக் கீழே போனால் தாள் மொறுமொறுப்பாகிவிடும். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். மழை மாதங்களில் வாராவாரம் பார்க்க வேண்டியிருக்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

நான் சினிமா போஸ்டர் பக்கம் பேசுகிறேன். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் போன்ற இடங்களில் ‘அறுபதுகளின் ஒரிஜினல்’ என்று நீட்டினால், முதலில் அளக்கும் டேப் எடுங்கள். பழைய இந்தியப் போஸ்டரின் வழக்கமான அளவு 30×40 அங்குலம். கையில் இருப்பது 12×18 அல்லது 13×19 என்றால் அது இன்றைய டிஜிட்டல் மெஷினின் தாள் அளவு, பேச்சே வேண்டாம்.

அடுத்து 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி). முகத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். படப் பெயரின் சிவப்பு எழுத்து மூலப்பிரதியில் ஒரே மையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். ஸ்கேன் எடுத்து மறுபடி அடித்ததில் அந்தச் சிவப்பே மஞ்சளும் மெஜந்தாவும் கலந்த புள்ளிகளாக உடைந்து தெரியும். ஆஃப்செட் என்றால் புள்ளிகள் பூ வடிவில் வரிசை கட்டும். இங்க்ஜெட் என்றால் தூவிய மாதிரி ஒழுங்கில்லாமல் சிதறும். கையால் வரைந்த லித்தோவில் (கல்லச்சில்) கிரேயான் தேய்த்தது போன்ற சொரசொரப்பு. இந்த மூன்றையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் கண் அப்புறம் ஏமாறாது.

மடிப்பு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். விரலால் தடவுங்கள். மறுபதிப்பில் மடிப்புக்கோடும் சேர்ந்தே அச்சாகியிருக்கும், தாள் வழவழவென்று இருக்கும். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1867-ம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர் பெயரைக் கட்டாயமாக்கியிருந்தது. ஓரத்தை வெட்டிய போஸ்டரில் அந்த வரிதான் முதலில் போகும்.

சுவரில் ஒட்டிக் கிழிந்த போஸ்டருக்குப் பின்னால் துணி ஒட்டி விற்பதும் உண்டு. பின்பக்கம் பச்சை நிறம் ஓடியிருந்தால், மைதாப் பசையில் பூச்சிக்காகப் போட்ட மயில்துத்தம். செம்பு உப்பு தாளின் நாரை வேகமாகச் சிதைக்கும். அதை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கிழிசலுக்கு செல்லோடேப் ஒருபோதும் கூடாது. கோதுமை ஸ்டார்ச் பசையும் ஜப்பானியத் திசுத்தாளும் போதும். ஸ்டார்ச் வேறு, மைதா வேறு. மைதாவில் உள்ள பசைச்சத்து பூச்சியைக் கூப்பிடும்.

வில்லியனூரிலிருந்து:

சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த நம்ம ஊர்க்காரர்கள்) வீடுகளைக் காலி செய்யும்போது பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பங்கள் வெளியே வரும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது வேறெங்கும் கிடைக்காத யோகம். டின்டின் ஆல்பத்தில் உள்ளே இருக்கும் காப்பிரைட் ஆண்டை வைத்து முதல் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். மறுபதிப்புகளிலும் அதே பழைய ஆண்டுதான் இருக்கும். பின் அட்டையைத் திருப்புங்கள். அங்கே போட்டிருக்கும் தலைப்புகளில் கடைசியாக வந்தது எது என்று பார்த்தால், இந்தப் பிரதி அதற்கு முன்னால் அச்சாகியிருக்க வாய்ப்பில்லை.

தமிழில் படித்தவர்களுக்கு இன்னொன்று. காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஜேசஸ் பிளாஸ்கோ. பிரிட்டிஷ் வார இதழின் பெரிய பக்கத்துக்காகப் போட்ட கோடுகள் அவை. கையடக்க அளவுக்குச் சுருக்கியபோது நிழல் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிட்டன. அதனால் ஓவியத்துக்காகச் சேர்ப்பவர்கள் தமிழ்ப் பிரதியில் அட்டையின் நிலையைப் பார்த்து வாங்குங்கள். சிவகாசி ஓவியர்கள் தனியாக வரைந்த அட்டைகள் இங்கே மட்டும்தான் இருக்கின்றன.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ஓவியரிடம் சொல்லி வரையச் சொல்பவர்கள் மை என்ன என்று முன்பே கேளுங்கள், தம்பி. ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது சாயம்; ஜன்னலோரம் மாட்டினால் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரின் கறுப்பு உடை சில வருடத்தில் ஊதாவாக வெளுக்கும். நிறமி மை நிற்கும். தாள் 300 ஜி.எஸ்.எம்., அமிலமற்றது. கைக்காகிதம் கேட்டால் நன்றாக சைஸிங் (மை ஊறாமலிருக்கப் பசை பூசுவது) செய்ததா என்று ஒரு ஓரத்தில் மைப்புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி முடி முளைத்தது போலக் கசிந்தால் நிப் வேலைக்கு ஆகாது.

ஃப்ரேமில் கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது. ஓரத்தில் மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டை வைத்து 3 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் மை கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க வழியில்லை. கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

மறுபடி மஞ்சக்குப்பத்திலிருந்து:

புயலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ‘ஃபெஞ்சல்’ புயல் எல்லாம் நம்ம வாசலைத் தொட்டுத்தான் போயின. பெட்டிகள் தரையிலும் வேண்டாம், பரணிலும் வேண்டாம். கெடிலம் ஆற்று வெள்ளம் கீழிருந்து வரும், கூரை ஓட்டை வழியாக மழை மேலிருந்து வரும். பீரோவின் நடுத்தட்டில், பெட்டிக்கு மேல் இரண்டு கனமான பாலிதீன் பை, வாய் கீழ்ப்பக்கமாக மடிந்திருக்கும்படி.

நனைந்தே விட்டால் கையில் இருப்பது 48 மணி நேரம். அதற்குள் பூஞ்சை கிளம்பும். நியூஸ்பிரின்ட் இதழ்களில் பத்துப் பக்கத்துக்கு ஒரு அச்சடிக்காத வெள்ளைத்தாள் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வழவழப்புத் தாள் ஆல்பங்களை மூடியபடி காயவிட்டால் செங்கல்லாக ஒட்டிவிடும். உலர்த்த நேரமில்லை என்றால் ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு உறைபெட்டியில் தள்ளிவிடுங்கள். வேலை ஓய்ந்தபின் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கம் பக்கமாக உலர்த்தலாம். கையால் வரைந்த ஓவியத்தை ஒற்றி எடுக்காதீர்கள். முகம் மேலே பார்க்க மேசையில் கிடத்தி அப்படியே விடுங்கள்.