ஃபோர்க்கை சிங்க் செய்யப் போய்ப் புல் ரிக்வெஸ்ட்டை மூடிக்கொண்ட அனுபவம்

நிரல்களைச் சேமித்துப் பலர் சேர்ந்து எழுத உதவும் தளமான கிட்ஹப்பின் ஜிஎச் என்னும் கட்டளைவரிக் கருவியின் 1.0 பதிப்பு 2020 செப்டம்பரில் வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம், ஒரு ஃபோர்க்கை, அதாவது பிறர் திட்டத்திலிருந்து நம் கணக்கில் எடுத்த பிரதியை, மூல ரெப்போவுடன் (அத்திட்டத்தின் அசல் களஞ்சியத்துடன்) சமப்படுத்த வேண்டுமானால், அப்ஸ்ட்ரீம் என்று ஒரு ரிமோட்டைச் (சர்வரில் உள்ள ரெப்போவின் முகவரிக்கு நாம் வைக்கும் பெயர்) சேர்த்து, ஃபெட்ச் செய்து (மாற்றங்களை இறக்கி), மெர்ஜ் செய்து (இணைத்து), பிறகு என் ஃபோர்க்குக்குப் புஷ் செய்வேன் (அனுப்புவேன்). பின்னர் 'ஜிஎச் ரெப்போ சிங்க்' கட்டளை இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கிவிட்டதால், நான் வைத்திருக்கும் ஃபோர்க்குகள் எல்லாவற்றின் பெயரையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, வாரம் ஒருமுறை ஓட்டத் தொடங்கினேன். இப்படி ஃபோர்க்கின் பெயரைக் கொடுத்து ஓட்டும்போது வேலை முழுவதும் சர்வரிலேயே நடக்கிறது; நம் கணினியில் உள்ள பிரதியான குளோனை அது தொடுவதில்லை. பின்னர் ஒருநாள் நான் தப்பித்தது இதனால்தான்.

ஒரு வாரம் ஒரேயொரு ஃபோர்க் மட்டும் சமப்பட மறுத்தது. இரு பக்கமும் மாற்றங்கள் பிரிந்துவிட்டன, சேருமிடத்துக் கிளையை (மாற்றங்களின் தனி வரிசையை) மேலெழுத --ஃபோர்ஸ் பயன்படுத்தலாம் என்று டெர்மினலில் ஒரு வரி வந்தது. 'மேலெழுத' என்ற எச்சரிக்கையும் அதே வரியில்தான் இருந்தது. ஆனால் என் கண்ணில் பட்டது --ஃபோர்ஸ் மட்டுமே. அதைச் சேர்த்து ஓட்டினேன், சத்தமில்லாமல் முடிந்தது. சில நிமிடங்களில், என் மாற்றங்களை மூல ரெப்போவில் சேர்க்கக் கேட்டு நான் அனுப்பியிருந்த புல் ரிக்வெஸ்ட் மூடப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. தனிக்கிளை எடுக்கச் சோம்பல்பட்டு, இரண்டு கமிட்டுகளை (பதிவு செய்த மாற்றங்களை) முதன்மைக் கிளையான மெயினிலேயே போட்டு அனுப்பிய ரிக்வெஸ்ட் அது. ஃபோர்க்கின் மெயின் கிளை மூல ரெப்போவின் நிலைக்கே திரும்பியதால் இணைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே அது தானாகவே மூடிக்கொண்டது. மீண்டும் திறக்கும் பொத்தானும் மங்கலாகக் கிடந்தது.

குளோனில் இரண்டு கமிட்டுகளும் அப்படியே இருந்தன. சர்வரின் நிலை நாம் கடைசியாகப் பார்த்தபடியே இருந்தால் மட்டும் மேலெழுதும் 'கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்' கொடுத்தபோது, தகவல் பழையது என்று, மாற்றங்களைக் கண்காணிக்கும் மென்பொருளான கிட் மறுத்தது. எரிச்சலாக இருந்தாலும் அது செய்தது சரியே: என் குளோன் கடைசியாகப் பார்த்த நிலையும் சர்வரின் இப்போதைய நிலையும் வேறு வேறு. ஃபெட்ச் செய்துவிட்டு மறுபடி கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. கமிட்டின் அடையாள எண் மாறாமல் பழைய இடத்துக்கே வந்துவிட்டதால் பொத்தானும் உயிர்பெற்றது, ரிக்வெஸ்ட்டைத் திறந்தேன். நடந்த குழப்பத்தைப் பராமரிப்பாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது ஸ்கிரிப்டில் --ஃபோர்ஸ் கிடையாது. சமப்பட மறுக்கும் ஃபோர்க்கை நானே திறந்து பார்க்கிறேன்.

மறுமொழி:

தங்களுக்கு நேர்ந்தது சிங்க் கட்டளையில் என்றால், எனக்கு நேர்ந்தது ஃபோர்க் கட்டளையில். ஏற்கெனவே குளோன் செய்து வைத்திருந்த குழு ரெப்போவுக்குள் நின்றுகொண்டு 'ஜிஎச் ரெப்போ ஃபோர்க்' கொடுத்தேன். ரிமோட்டைச் சேர்க்கவா என்று கேட்டதற்கு யோசிக்காமல் ஆம் என்றேன். அப்போது கருவி, அதுவரை குழு ரெப்போவைக் குறித்த ஆரிஜின் என்ற ரிமோட்டை அப்ஸ்ட்ரீம் என்று பெயர் மாற்றிவிட்டு, என் புதிய ஃபோர்க்குக்கு ஆரிஜின் என்ற பெயரைக் கொடுத்துவிடுகிறது. நான் தினமும் ஓட்டும் ஸ்கிரிப்டிலோ 'கிட் புஷ் ஆரிஜின்' என்று எழுதியிருந்தது. எந்தப் பிழையும் வராமல், இரண்டு நாள் என் வேலையெல்லாம் என் ஃபோர்க்குக்கே போய்க்கொண்டிருந்தது. உடன் வேலை செய்பவர், "அண்ணா, எதுவும் வரவில்லையே" என்று கேட்டபோது, அனுப்பிவிட்டேன் என்று சற்று அழுத்தமாகவே சொன்னேன். அதன் பிறகுதான் ரிமோட்டுகளைப் பட்டியலிடும் 'கிட் ரிமோட் -வி' கொடுத்துப் பார்த்தேன், முதல் வரியிலேயே என் பெயர் நின்றது. --ரிமோட்-நேம் என்ற தெரிவில் வேறொரு பெயர் கொடுத்தால் பழைய ஆரிஜின் அதன் இடத்திலேயே இருக்கும். கருவியின் இயல்பு நிலை அப்படி இருந்திருக்க வேண்டும் என்பதே இன்றும் என் எண்ணம்.

மறுமொழி:

கிளைகள் பிரியாதபோதும் சிங்க் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மூல ரெப்போவில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வொர்க்ஃப்ளோ கோப்பு (தானாக ஓடும் வேலைகளை வரையறுப்பது) மாறியிருந்து, கருவி நம் பெயரில் நுழையப் பயன்படுத்தும் டோக்கனுக்கு வொர்க்ஃப்ளோ அனுமதி இல்லையென்றால், அந்த மாற்றத்தை ஃபோர்க்குக்குக் கொண்டுவரக் கருவி மறுத்துவிடும். நான் பிரிந்த கிளைதான் காரணம் என்று முடிவு செய்து, அரை மணி நேரம் கமிட் வரலாற்றைத் துழாவினேன். 'ஜிஎச் ஆத் ரிஃப்ரெஷ் -எஸ் வொர்க்ஃப்ளோ' கொடுத்து, உலாவியில் ஒப்புதல் தந்ததும் அடுத்த ஓட்டத்தில் சமப்பட்டது. செய்ய வேண்டிய கட்டளையைப் பிழைச் செய்தியே எழுதிக் காட்டியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.