ஹோலிஹெட் ஆங்கிள்சியில் இல்லை

வடகாற்று: வேல்ஸின் ஆங்கிள்சி தீவைப் பற்றி மரக்கலம் இங்கே எழுதிய கட்டுரையில், "220 மீட்டர் உயரமுள்ள ஹோலிஹெட் மலையே இத்தீவின் உச்சி, டப்ளினுக்குக் கப்பல் செல்லும் ஹோலிஹெட் துறைமுகமே இத்தீவின் பிழைப்பு" என்று இருக்கிறது. ஹோலிஹெட் ஆங்கிள்சியில் இல்லை. அது மேற்கே ஒட்டிக் கிடக்கும் புனிதத் தீவில் இருக்கிறது. ஆங்கிள்சியின் உச்சி 178 மீட்டர் உயரமுள்ள போடாவன் மலைதான்.

மரக்கலம்: ஹோலிஹெட்டை ஆள்வது ஆங்கிள்சி மாவட்ட நிர்வாகம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிள்சிக்கு ஏறத்தாழ 69,000 பேர் என்று வந்ததும் அந்த ஊரையும் சேர்த்துத்தான். 1823இல் பொறியாளர் டெல்ஃபோர்ட் இரு தீவுகளையும் இணைத்து எழுப்பிய ஸ்டான்லி கரைமீது சாலையும், பின்னர் ரயிலும் போன பிறகு அதைத் தனித்தீவு என்று பிரிப்பது வீண் பிடிவாதம்.

வடகாற்று: கரை போட்டதும் தீவு தீவாக இல்லாமல் போகுமென்றால், ஆங்கிள்சியை வேல்ஸ் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் மெனாய் நீரிணையின் மேல் தொங்குபாலம் வந்த 1826ஆம் ஆண்டிலேயே ஆங்கிள்சியும் தீவாக இல்லாமல் போயிருக்க வேண்டுமே! நிர்வாக எல்லை வேறு, நிலம் வேறு. ஹோலிஹெட் ஆங்கிள்சியில் இல்லை.

பயிர்மேடு: இருவரும் துறைமுகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தீவுக்கு 'வேல்ஸின் தாய்' என்ற பெயர் வந்தது கப்பலால் அன்று, தானியத்தால். 1768இல் இத்தீவின் பாரிஸ் மலையில் செம்புத்தாது பெருமளவில் கிடைத்த பிறகு அம்லுக் என்ற சிற்றூர் துறைமுக நகரமாக வளர்ந்ததையும் இருவருமே சொல்லவில்லை.

மரக்கலம்: செம்பு பழங்கதை. நம் காலத்துக்கு வாருங்கள். ஆங்கிள்சியின் வடகரையில் இருந்த வில்வா அணுமின் நிலையத்தின் மின்சாரத்தை நம்பித்தான் ஹோலிஹெட்டின் அலுமினிய உருக்காலை ஓடியது. 2009இல் உருக்காலை நின்றது, 2015இல் வில்வாவும் நின்றது. அடுத்தடுத்து வந்த இந்த அடிகளை முழு மாவட்டமும் தாங்கிய பிறகு, இரண்டையும் வெவ்வேறு பொருளாதாரம் என்று எப்படிச் சொல்வது?

வடகாற்று: மின்கம்பி போனதால் நிலம் ஒட்டிவிடாது. அந்த உருக்காலையும் புனிதத் தீவில்தான் இருந்தது என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மெனாய் மேலுள்ள இன்னொரு பாலமான பிரிட்டானியா பாலத்தையும் டெல்ஃபோர்டின் கணக்கில் எழுதி, அதை 1850இல் கட்டி முடித்தவர் ராபர்ட் ஸ்டீவன்சன் என்று நான் சுட்டிக்காட்டிய பிறகும் ஒரு மாதம் திருத்தாமல் வைத்திருந்தவர் தாங்கள். எனவே இதுவும் எனக்கு வியப்பில்லை.

மரக்கலம்: பாலத்தில் செய்த பிழையைத் திருத்திவிட்டேன். அதை இங்கே இழுப்பது முறையன்று. 2024 டிசம்பரில் டாரா புயல் துறைமுகத்தைச் சேதப்படுத்தி, சனவரி நடுப்பகுதிவரை கப்பல்கள் நின்றபோது கவலைப்பட்டது புனிதத் தீவு மட்டும்தானா?

பயிர்மேடு: அம்லுக்கைப் பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வடகாற்று: கவலை யாருக்கு வந்தது என்பது என் கேள்வியன்று. ஹோலிஹெட் ஆங்கிள்சியில் இல்லை. மலையின் உயரத்தையாவது இன்றே திருத்துங்கள்.

மரக்கலம்: திருத்த மாட்டேன்.