வளவுக்குள் இறங்கிய வெயில்: என் ஹெச்டிஆர் அனுபவம்

ஹெச்டிஆர், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல ஷாட்டுகளை ஒரே படமாகச் சேர்ப்பது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது காரைக்குடிப் பக்கத்து கிராமம் ஒன்றில் எடுத்த வீடுதான். பங்காளிகள் கூடிப் பேசி வீட்டை விற்பதென்று முடிவாகியிருந்தது. அதற்குமுன் முகப்பு முதல் ரெண்டாங்கட்டு வரை படமெடுத்து ஆல்பமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். வளவு எனும் உள்கட்டின் நடுவே திறந்த முற்றம், உச்சிவேளை வெயில் நேரே இறங்கும். சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி இருட்டு அறைகள். முற்றத்துக்கு ஒளி அளந்தால் தேக்குக் கதவு கன்னங்கரேலென்று போகிறது. கதவுக்கு அளந்தால் முற்றம் வெள்ளைத்தாள். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்து நிழலை ஏற்றிப் பார்த்தேன். கதவில் சிற்பத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம் தெரிந்தன.

சரி, ட்ரைபாடில் வைத்து ஐந்து ஷாட் எடுப்போம் என்று இறங்கினேன். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை அளவு) எஃப் 8, ஒயிட் பேலன்ஸும் ஃபோகஸும் மாறாதபடி மேனுவலில். ஷட்டர் மட்டும் இரண்டிரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) மாறியது: 1/400, 1/100, 1/25, 1/6, கடைசியாக 0.6 நொடி. அப்பர்ச்சரை மாற்றக் கூடாது. மாற்றினால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஷாட்டுக்கு ஷாட் வேறாகிவிடும், சேர்க்கும்போது ஓரங்கள் பொருந்தாது.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஐந்தையும் தேர்ந்தெடுத்து ஃபோட்டோ மெர்ஜில் ஹெச்டிஆர் கொடுத்தேன். முதல் தொல்லை கொடியில் காய்ந்த சேலை. காற்றில் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒரே சேலைக்கு மூன்று கரை! இப்படி அசைந்ததைச் சரிசெய்யும் டீகோஸ்ட்டை மீடியத்தில் வைத்ததும் ஆடிய இடத்துக்கு மட்டும் ஒரே ஷாட்டை எடுத்துக்கொண்டது, கரை ஒன்றானது. அதைத் தேவையில்லாமல் ஹையில் வைக்காதீர்கள். ஆடாத இடங்களிலும் அது கைவைக்கும், ஐந்து ஷாட் எடுத்த பலன் அங்கே போய்விடும்.

சேர்ந்து வந்த, ரா போலவே திருத்தக்கூடிய டிஎன்ஜி கோப்பில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் 5 வரை அல்ல, 10 வரை போகும். அவ்வளவு இடம் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? நிழலுக்கான ஷேடோஸை 100க்கு ஏற்றி, வெளிச்சத்துக்கான ஹைலைட்ஸை அடியோடு இறக்கி, கிளாரிட்டியையும் கூட்டினேன். மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது. வெயில் பட்ட சுவருக்கு முன்னால் நின்ற தூண்களைச் சுற்றி மட்டும் வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. அதைக் கண்டும் விட்டுவிட்டேன்.

மறுவாரம் லேப்டாப்பில் அந்த வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்த அறை வாசல்ல இம்புட்டு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லையே. பகல்லயும் வெளக்கு எடுத்துக்கிட்டுத்தான் உள்ள போவோம்."

அன்று ராத்திரியே எல்லாப் படங்களையும் ரீசெட் செய்து உட்கார்ந்தேன். ஷேடோஸ் 30 பக்கம் நின்றது. பிளாக்ஸைக் கொஞ்சம் இறக்கினேன். கதவில் செதுக்கிய லட்சுமியின் முகம் தெரிகிற அளவோடு நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த அறையை இருட்டாகவே விட்டேன். முற்றத்துக் கல்லில் விழுந்த வெயில் சற்று வெளுத்தே இருக்கட்டும் என்று அதையும் தொடவில்லை. தூண் ஓரத்துப் பட்டை தானாக மறைந்தது. அந்த வாசலை ஆச்சி இரண்டாம் முறை பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை, திரையில் அந்த நிலைப்படியை விரலால் தடவினார்கள்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கும் ஹெச்டிஆரில் ஒரு தொல்லை நேர்ந்தது, தனுஷ்கோடியில். 1964 புயலில் இடிந்த தேவாலயத்துக்குள் நின்று, கூரையில்லாத சுவருக்கு மேலே விடிகிற வானத்தையும் சேர்த்து எடுக்க நினைத்தேன். மூன்று ஷாட்டுக்குள் ட்ரைபாட் கால் மணலில் இறங்கிவிட்டது. சேர்த்தால் கல் வரிசை இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. என்னிடம் லைட்ரூம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஹியூஜின் என்ற மென்பொருளில் படங்களை முதலில் பொருத்தி, பிறகு என்ஃப்யூஸில் சேர்த்தேன். அது தனி ஹெச்டிஆர் கோப்பு எதுவும் செய்யாது. ஒவ்வொரு ஷாட்டிலும் ஒளி சரியாக விழுந்த பகுதிக்கு அதிக இடம் கொடுத்து நேராக ஒரே படமாகக் கலக்கும். அதனால் நீங்கள் சொல்லும் வெளிறிய பட்டை எனக்கு அவ்வளவாக வரவில்லை, நிறமும் அடங்கியே இருந்தது. அப்புறம், சுவரின் நிழலைப் பார்த்தேன். நானும் அதிகமாகத்தான் ஏற்றியிருக்கிறேன். இன்று திரும்பவும் சேர்க்கப்போகிறேன்.

* * *

சேர்த்துப் பாருங்கள் தம்பி, முடித்ததும் பழைய படம், புதிய படம் இரண்டையும் இங்கே போடுங்கள். மணலுக்கு நான் மூன்று கொட்டாங்கச்சி எடுத்துப்போவேன். குழிவு மேலே இருக்கும்படி வைத்து, ட்ரைபாட் காலை உள்ளே நிறுத்தி, நன்றாக ஒரு அமுக்கு அமுக்கிவிடுங்கள். ஷட்டரையும் விரலால் தொடாமல் 2 நொடி டைமரில் விடுங்கள்.