ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து ரிமோட் சப்போர்ட் பண்ணலாமா?

மாம்பலம் சிஸ்டம்ஸ்:
வணக்கம். மேற்கு மாம்பலத்தில் ஒரு ஆபீஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்களுடைய பட்டறை, கூடுவாஞ்சேரியில் குடோன். மூன்றுக்கும் சிஸ்டம் வேலை நான்தான் பார்க்கிறேன். இருபது கம்ப்யூட்டர் வரும். பிரிண்டர் வேலை செய்யலை, டேலி திறக்கலைன்னு போன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கு. இலவச ரிமோட் சாஃப்ட்வேர் தொழில் உபயோகத்துக்கு இல்லை என்பதால் அதை எடுத்துவிட்டேன். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட்டு அதிலேயே போ என்கிறார் நண்பர். சரியா?

கிண்டி கேபிள்:
வேண்டவே வேண்டாம் ப்ரோ. திறந்த 3389-ஐத் தேடி ஸ்கேன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், உள்ளே வந்தால் ரான்சம்வேர்தான், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2019-ல் வந்த ப்ளூகீப் என்கிற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படலை. சப்போர்ட் முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது. போர்ட் நம்பரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதோடு விண்டோஸ் ஹோம் எடிஷனுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் போகவும் முடியாது.

செலவு குறையணும்னா ரஸ்ட்டெஸ்க் என்கிற ரிமோட் சாஃப்ட்வேரைப் பாருங்க, ஓப்பன் சோர்ஸ். சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றில் சொந்த சர்வர் வைக்கலாம். அந்த சர்வரில் டிசிபி 21115 முதல் 21117 வரை, யுடிபி 21116 திறந்தால் போதும். ஆபீஸ் ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம்.

தாம்பரம் ஹெல்ப்டெஸ்க்:
தம்பி, போர்ட் விஷயம் அவர் சொன்னதுதான். நான் சொல்ல வருவது வேறு. எந்த சாஃப்ட்வேர் போட்டாலும், ஸ்கிரீனில் வரும் கனெக்‌ஷன் நம்பரைப் போனில் கேட்டு உள்ளே போகும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்க.

பில் போடும் பெண் "அண்ணா, ஒன்பது நம்பர் வருது, சொல்லவா?" என்று கேட்பாள். நீங்கள் சொல்லச் சொல்வீர்கள். நாளைக்கு "பேங்கிலிருந்து பேசறேன்" என்று ஒருத்தன் கேட்டாலும் அதே மாதிரி சொல்லிவிடுவாள். அவளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நாம்தானே? 2019 பிப்ரவரியில் எனிடெஸ்க் என்ற ரிமோட் சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்லியே ரிசர்வ் வங்கி எச்சரித்தது இந்த மோசடியைத்தான். பணம் போனால் அந்த நிமிஷமே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு அடிக்கணும், இதை எல்லா டேபிளிலும் ஒட்டிவையுங்க.

அதனால் ஒரு முறை நேரில் போய் ஒவ்வொரு மெஷினிலும் சர்வீஸாக (மெஷின் ஆன் ஆனதுமே பின்னணியில் தானே ஓடும்படி) இன்ஸ்டால் பண்ணிடுங்க. உங்கள் அக்கவுன்ட்டுக்கு டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும்), மெஷினுக்கு மெஷின் வேறு பாஸ்வேர்ட். "நான் போனில் நம்பர் கேட்கவே மாட்டேன், கேட்டால் அது நான் இல்லை" என்று எல்லோரிடமும் சொல்லிட்டு வாங்க. இன்னொரு லாபமும் உண்டு: இன்ஸ்டால் பண்ணாமல் சும்மா ஓடவிட்டால், அட்மின் அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது உங்கள் பக்கம் ஸ்கிரீன் கறுப்பாகிவிடும். சர்வீஸாக இருந்தால் அந்தப் பெட்டியும் தெரியும்.

ஆனால் நீங்கள் உள்ளே வந்திருப்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியணும். அந்த அறிவிப்பை மறைக்காதீங்க. அவர் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருக்கலாம். கேட்டுவிட்டு உள்ளே போங்க.

மாம்பலம் சிஸ்டம்ஸ்:
நன்றி அக்கா, சனிக்கிழமையே ஆரம்பிக்கிறேன். அம்பத்தூரில் கரண்ட் போய் வந்தால் மெஷின் ஆஃபிலேயே கிடக்குது, அதுக்கு என்ன வழி?

கிண்டி கேபிள்:
பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்கில்) ஏசி பவர் லாஸ் ஆப்ஷனை "பவர் ஆன்" ஆக்குங்க, கரண்ட் வந்ததும் தானே எழும். வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்புவது) வேணும்னா வைஃபையை நம்பாதீங்க, கேபிள் போடுங்க.