மூன்று டாலர் பெட்டியில் ஒரு வெள்ளை எழுத்து

போன வருஷம் இங்கே நியூ ஜெர்சியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த சின்ன கார்டு ஷோ, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளை விற்கும் சந்தை. நாற்பது டேபிள் இருந்தால் அதிகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பிஎஸ்ஏ என்ற நிறுவனம் தரம் பார்த்து கிரேடு போட்ட மான்டில், மேஸ் போன்ற பெரிய ஆட்டக்காரர்களின் கார்டுகள் எல்லாம் பளபளவென்று இருந்தன, அந்தப் பக்கம் நான் ஒதுங்குவதே இல்லை. அதன் விலை டீலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நமக்கு வேலை டேபிளுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கும் பெட்டிகளில்தான்.

ஒரு பெரியவர் டாப்ஸ் கம்பெனி 1969இல் போட்ட பேஸ்பால் கார்டுகளை எண் வரிசைகூட இல்லாமல் நீளப் பெட்டியில் திணித்து, எதை எடுத்தாலும் மூன்று டாலர் என்று எழுதி ஒட்டியிருந்தார். 69இல் ஒரு விஷயம் உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டக்காரர் பெயர் மேலே ஒரு வட்டத்துக்குள் இருக்கும். 440இலிருந்து 511 வரை உள்ள எண்களில் சில கார்டுகளில் மட்டும் மஞ்சளில் வர வேண்டிய பெயர் வெள்ளையாகவும் அச்சாகியிருக்கிறது. மிக்கி மான்டிலின் 500ஆம் எண் கார்டு அப்படி இரண்டு விதமாகக் கிடைக்கும், வெள்ளை என்றால் விலையே வேறு.

சரி என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் எண்ணைப் பார்ப்பது, 440க்கு மேல் என்றால் முன்பக்கம் திருப்புவது, இப்படியே ஒரு மணி நேரம், முழங்கால் மரத்துப் போச்சு. அப்போதுதான் 485 வந்தது, கேலார்ட் பெர்ரி. நாலு முனையும் மழுங்கி, பின்னால் மெழுகுக் கறை, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மடிப்பு. பெயர் வெள்ளை. வெளுத்துப் போன மஞ்சளோ என்று பக்கத்திலிருந்த இன்னொரு கார்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன், இல்லை, வெள்ளையேதான். முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று கைக்கு வந்த எட்டு கார்டுகளைச் சேர்த்து நீட்டினேன். ஒன்பதுக்கும் சேர்த்து இருபத்தைந்து கொடு போதும் என்றார்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பெட்டி அவருடையது, பார்க்க அவருக்கும் நேரம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் உறுத்தியது. அடுத்த ஷோவில் பார்த்தபோது சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தரையில் உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க முடியாது தம்பி, அதனால்தான் மூன்று டாலர்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

*

மேலே எழுதியவருக்கு ஒரு வாசகன்: எனக்கு நடந்தது தலைகீழ். 1971 டாப்ஸில் கிளெமென்டே என்ற ஆட்டக்காரரின் கார்டு, நாற்பது டாலர். அந்த வருஷக் கார்டுக்குக் கறுப்பு ஓரம், கை பட்டாலே உதிர்ந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இதில் ஓரம் நல்ல கறுப்பு, இவ்வளவு மலிவா என்று வாயைப் பிளந்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய அட்டையின் விளிம்பிலும் கறுப்பு ஊறியிருக்கிறது. யாரோ மார்க்கர் பேனாவால் பூசியிருக்கிறார்கள். டீலருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம், அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிட்டேன், என்ன செய்வது. இப்போதெல்லாம் உறையை விட்டு எடுத்துக் காட்டாத டீலரிடம் நான் 71 வாங்குவதில்லை. அப்புறம் தேய்ந்தது தெரியாமல் இருக்க ஓரம் வெட்டிய கார்டுகள் தனிக் கதை, அதற்காக அதே வருஷத்துச் சாதா கார்டு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோகிறேன், மேலே வைத்துப் பார்த்தால் ஒரு நூல் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

*

இன்னொரு வாசகன்: ஷோவுக்கு ஞாயிறு மூன்று மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். மூட்டை கட்டும் நேரம், பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்ற யாருக்கும் மனசு வராது. 1957 டாப்ஸில் 265 முதல் 352 வரை உள்ள தொடர் மற்றதைவிட அரிது, ஆனால் சாதா கார்டுகளை மொத்தமாகத் தள்ளும்போது பலர் அதைப் பிரித்து விலை போடுவதில்லை. எனக்கு ஜிம் பன்னிங்கின் ரூக்கி கார்டு (அவருடைய முதல் கார்டு) அப்படித்தான் கிடைத்தது, நடுவில் குறுக்கே மடிந்தது, இருக்கட்டும்.

முதலில் எழுதியவரே, அந்தப் பெர்ரியை விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.